லோசலினியின் தேடல் மேஜை

எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களுக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தூக்கம் வரும். லோசலினியைப் பார்த்தால் களைப்பு வரும். காலை லேசாக இழுத்துக்கொண்டு, ஈரக்குடையை உதறாமலே உள்ளே வருவாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் "அப்பாடா" என்பாள். அப்போது ஆபீஸ் விளக்கைக்கூட முழுசாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

"இப்பத்தானே வந்தே. அதுக்குள்ள என்ன அப்பாடா" என்று கேட்பேன்.

"இது நேத்தைய அப்பாடா, சுபா. இன்னைக்குது இன்னும் வரலை" என்பாள்.

நான் சுபத்ரா. ஃபிஜியின் தலைநகர் சுவாவில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கான நூலகத்தில் முன்மேஜையில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்குகிறவள். லோசலினியின் வேலை வேறு. ஒரு டாக்டருக்கோ, ஏதோ ஒரு தீவில் தனியாக மாட்டிக்கொண்ட நர்ஸுக்கோ ஒரு சந்தேகம் வந்தால், அதைப் பற்றி உலகத்தில் யார் என்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தட்டினால் வந்துவிடாதா என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். வரும். லாரியில் கொண்டுவந்து கொட்டுகிற மாதிரி வரும். அதில் எது தேறும், எது தேறாது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தே லோசலினியின் கண் கெட்டுப்போனது.

அவளுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. கண்டாவுத் தீவுக்காரி. சொந்தக்காரன் வந்து வாய்விட்டு ஒன்று கேட்டால் மறுக்கக் கூடாது என்பது ஃபிஜிக்காரர்களிடம் இருக்கிற வழக்கம். கெரெகெரே என்பார்கள். சட்டையைக் கேட்டால் சட்டை, படகைக் கேட்டால் படகு. ஊரிலிருந்து யார் சுவாவுக்கு வந்தாலும் அவள் வீட்டில்தான் பாய் விரிப்பார்கள். அவள் அதை ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டாள். ரொட்டுமாத் தீவிலிருந்து ஒரு நர்ஸ், மீன் சாப்பிட்ட குடும்பத்துக்கே உதடு மரத்துவிட்டது என்று எழுதுவாள். சாயங்காலத்துக்குள் பதில் போயாக வேண்டும். ஆராய்ச்சி மாணவன் ஒருவன் கடைசி வாரத்தில் வந்து கையைப் பிசைவான். "சரி, வெச்சுட்டுப் போ" என்பாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

இதற்கு நடுவில் ஆராய்ச்சி இதழ்கள் வேறு பூட்டிக்கொண்டன. ஏழை நாடுகளுக்கு இலவசம் என்று திறந்துவிட்டிருந்தவற்றில் பல, ஒரு வருஷம் திடீரென்று திறக்கவில்லை. நாங்கள் அவ்வளவு ஏழையில்லை என்று எங்கோ ஒருத்தன் கணக்குப் போட்டுவிட்டானாம். அவன் ஒருநாள் வந்து எங்கள் கூரை ஒழுகுவதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அதன்பின் லோசலினி நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிற நூலகர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கினாள். நியூசிலாந்தின் டனீடினில் ஃபியோனா என்று ஒருத்தி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் கேட்டது மறுநாள் வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் லோசலினி இரும்பு. தேடினால் கிடைத்ததெல்லாம் போக வேண்டும். ஒரு மருந்து நல்லது என்று எழுதியவனும் போக வேண்டும், அதே மருந்து ஆளைக் கொன்றது என்று எழுதியவனும் போக வேண்டும். பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வக்கீல் வேலை, நம் வேலை இல்லை என்பாள். பெரிய பேராசிரியர் ஒருவர், தனக்குச் சாதகமானதை மட்டும் எடுத்துத் தரச் சொன்னபோது, எல்லாவற்றையும் கட்டாகக் கொடுத்துவிட்டு, "பொறுக்கறது உங்க பாடு சார், எனக்குக் கண்ணு வலிக்குது" என்றாள்.

டாக்டர் ஃபினாவிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது ஒரு மார்ச் மாத மழையில். ஃபினாவ் டோங்காக்காரர், இதய டாக்டர், மலைபோல உடம்பு. லோசலினிக்கும் அவருக்கும் எப்போதும் கேலிதான். ஆனால் அன்று கேலி இல்லை. மின்னஞ்சலில் இவ்வளவுதான் இருந்தது: ஆண், வயது நாற்பத்தைந்துக்கு அருகில், சிறுவயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டது, இப்போது சிறுநீரகமும் போய்க்கொண்டிருக்கிறது, பாரம் தூக்கிப் பிழைத்தவர். வால்வு மாற்ற வெளிநாட்டுக்கு அனுப்பினால் பலன் உண்டா? குழு அடுத்த வாரம் கூடுகிறது.

குழு என்றால், அரசாங்கச் செலவில் யாரை வைத்தியத்துக்கு வெளிநாடு அனுப்புவது என்று முடிவு செய்கிறவர்கள். இந்தியாவுக்குத்தான் அதிகம் அனுப்புவார்கள். என் தாத்தாவைக் கரும்பு வெட்ட எந்தத் தேசத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தார்களோ, அங்கே இப்போது இதயத்தைத் தைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் நிறைய. போகிறவர்கள் கொஞ்சம்.

லோசலினி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சுபா, இது நெமானி."

"பேரே இல்லையே."

"பேரு எதுக்கு. துறைமுகத்துல மூட்டை தூக்கறவன், சின்ன வயசுல காய்ச்சல்ல கிடந்தவன். அவனைத் தூக்கிக்கிட்டு படகுல போனது நான்தான்."

நெமானி அவளுடைய ஒரே தம்பி. மூன்று வாரமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவளே உடனே டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

"டாக்டர், இது என் தம்பி. நான் தேடறது முறையில்லை."

"தெரியும் லோசா. வேற யார் இருக்கா சொல்லுங்க. சுபத்ராவா?"

"அவ தேடினா, அவன் நாளைக்கே எழுந்து ரக்பி ஆடுவான்னு பதில் வரும்."

என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். மறுக்க எனக்கு வாயில்லை. கடைசியில், அவள் தேடுவது, ஒவ்வொரு அடியையும் நான் கூட இருந்து சரிபார்ப்பது, தேடியவள் நோயாளியின் அக்கா என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என்று முடிவாயிற்று. இந்த ஊரில் நோயாளிக்குச் சொந்தமில்லாத ஆள்தான் தேட வேண்டுமென்றால் நூலகத்தை மூடிவிட வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே பாயில் நெமானியின் மனைவி சலோத்தே, லோசலினியின் பெரியப்பா இனோக்கே, இன்னும் இரண்டு பேர். எல்லோரும் கால்மடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு முன்னால் பேப்பரில் சுற்றிய யங்கோனா வேர். லேசான மயக்கத்துக்காக இங்கே ஊரே அரைத்துக் கரைத்துக் குடிக்கிற வேர்தான். ஆனால் இப்படி முன்னால் வைத்து ஒன்று கேட்டு, எதிரில் இருப்பவர் அதைத் தொட்டு வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது. நான் சத்தமில்லாமல் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"மகளே, சின்ன வேரு. உன் முன்னால வெக்கறதுக்கு வெக்கமாத்தான் இருக்கு. உன் தம்பி மூச்சு விடமுடியாம கிடக்கறான். குழுவுக்குப் போற காகிதம் உன் கை வழியாப் போகுதுன்னு கேள்விப்பட்டோம். கெட்டது எதையும் எழுதச் சொல்லலை. பொய்யும் சொல்லச் சொல்லலை. நல்லதா நாலு வார்த்தை இருந்தா அது போகட்டும். மத்தது இங்கேயே இருக்கட்டும். அவ்வளவுதான் கேக்கறோம்."

வேரை இரண்டு கையாலும் தள்ளி வைத்தார். எல்லோரும் அவள் கையைப் பார்த்தோம். நானும்தான். மடியில் இருந்த கை எழவில்லை. வெளியே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்கு, தொட்டுத் தொலையேன், உன் சொந்தத் தம்பிதானே என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"பெரியப்பா, அதை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்றாள்.

அப்படி ஒருத்தர் சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை. கிழவர் முகம் கறுத்துவிட்டது. சலோத்தே தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணி, யார் யாரோ தீவுலேர்ந்து எழுதினா விழுந்தடிச்சுப் பண்றீங்க. முகம் தெரியாதவனுக்கெல்லாம் குடுத்தீங்க. உங்க வயித்துல பொறக்காட்டியும் உங்க முதுகுல வளர்ந்தவர்தானே."

"அதனாலதான்" என்றாள் லோசலினி. "நல்லதை மட்டும் காட்டி நான் அவனை அனுப்பி வெச்சு, அங்கே கத்தி வெச்ச அன்னைக்கே போயிட்டான்னா? பெட்டியில வருவான், சலோத்தே."

"இங்கே இருந்தா மட்டும் எதுல போவாரு?"

அவர்கள் வேரை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். தேநீர்கூடக் குடிக்கவில்லை. நான் கொண்டுபோன ரொட்டியை யாரும் தொடவில்லை. அவள் அந்தப் பாயிலேயே சுவரில் சாய்ந்துகொண்டு, "சுபா, எனக்கு ரொம்ப அசதியா இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். கிடைத்தவற்றில் நல்ல சேதி அதிகமில்லை. வால்வும் கெட்டு, சிறுநீரகமும் கெட்டவர்களை அறுத்தால் பாதிப் பேர் வருஷத்தைத் தாண்டுவதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் அதைக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருந்தார். பூட்டியிருந்த ஒரு இதழில் மட்டும் ஒரு கட்டுரை. வெளியே தெரிந்த சுருக்கம் பிரமாதமாக இருந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்களாம். லோசலினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஃபியோனாவுக்கு அவசரம் என்று எழுதினாள். அன்றைக்கு அவள் மதியம் சாப்பிட்டதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் கட்டுரை வந்தது. அவள் கடைசியிலிருந்து படிப்பாள், அது அவள் பழக்கம். அட்டவணை, அப்புறம் யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கவில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது, அப்புறம்தான் மற்றதெல்லாம். பொடி எழுத்திலே அவள் விரல் நின்றது. சிறுநீரகம் கெட்டவர்களை இந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

"அவங்களை விட்டுட்டுக் கணக்குப் போட்டிருக்காங்க" என்றாள்.

நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டேன்.

"லோசா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. கட்டுரையை அப்படியே மேல வெச்சு அனுப்பு. நீ எதையும் மறைக்கலை. முழுசாத்தான் குடுக்கறே. குழுவுல இருக்கறவங்க சுருக்கத்தைத்தான் படிப்பாங்க. பொடி எழுத்தை யாரு பாக்கப்போறா."

"நான் பாத்துட்டேனே" என்றாள்.

"நீ பாத்ததை யாரு கேட்டா?"

"சரிபாக்கற ஆளு நீ. இப்படிச் சொல்றே."

அவள் அந்தக் கட்டுரைக்கு எதிரே, இந்த நோயாளி போன்றவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டுச் சட்டென்று அனுப்பவில்லை. அந்த வரியை மறுபடி ஒருதடவை படித்தாள். பிறகு அனுப்பினாள். அன்று கணினியை அணைக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள், நான்தான் அணைத்தேன்.

குழு வேண்டாமென்றுவிட்டது.

அதன்பிறகு உறவு முழுக்க அவளை ஒதுக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பாய் விரிக்க வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். "இப்பவாவது நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லிப் பார்த்தேன். வீடு சத்தமில்லாமல் இருந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்றாள். வேலை மட்டும் குறையவில்லை. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் நெமானியே நூலகத்துக்கு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் படிகளை ஏறி வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டானாம், வாசலில் இருந்தவர் சொன்னார். மூட்டை தூக்கிய தோள் அப்படியே இருந்தது, கணுக்கால் மட்டும் பானை மாதிரி வீங்கியிருந்தது. நான் தேடல் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டேன்.

கண்டாவுத் தீவின் பழைய குடும்பங்களில் அக்காவும் தம்பியும் பெரியவர்களான பிறகு நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை, மரியாதை. இவர்கள் இருவரும் அப்படித்தான். அவன் என்னைப் பார்த்துப் பேசினான்.

"சுபா அக்கா, அந்தக் காகிதத்துல என்ன இருந்ததுன்னு அவங்களைக் கேளுங்க."

அந்த 'அவங்க' அவனுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொடலாம்.

"லோசா, உன் தம்பி கேக்கறான்" என்றேன்.

"எந்தக் காகிதம்னு கேளு."

"என்னை அனுப்ப வேண்டாம்னு சொன்ன காகிதம், அக்கா."

"அது அனுப்புன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. இதுவரைக்கும் மத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும்தான் சொல்லுச்சு. அதைச் சொல்லு அவன்கிட்ட."

"இந்தாங்க, ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்துகிட்டு என்னைத் தபால்காரி ஆக்காதீங்க" என்றேன். "அவன் வேற என்ன கேக்க வந்திருக்கான்? எடுத்துப் படி. நான் கதவைச் சாத்தறேன்."

அவள் எடுத்தாள். மேஜையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு கட்டுரையையும் அவர்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. பத்துப் பேரை அறுத்தால் எத்தனை பேர் என்பதை விரலை மடக்கிக் காட்டினாள். பொடி எழுத்துக் கட்டுரையையும் சொன்னாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, சர்ச்சில் இருக்கிற மாதிரி கேட்டான். டாக்டர்கள் யாரும் அவனிடம் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டார்கள்.

"அந்தப் பத்துப் பேரு எந்த ஊரு?" என்றான்.

"ஜெர்மனி. கொரியா. அமெரிக்கா."

"நம்ம ஆளுங்க?"

"இல்லை."

"ஒருத்தன்கூட?"

"நம்ம ஆளுங்க செத்துத்தான் போறோம். யாரும் எழுதறதில்லை."

அவன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். என்னை அல்ல, அவளை.

"அப்போ என்னைச் சேத்துக்கச் சொல்லு, அக்கா. போனா என்ன ஆகும்னு அவங்க எழுதிட்டாங்க. இங்கேயே இருந்தா என்ன ஆகும்னு என்னை வெச்சு எழுதட்டும்."

அவளும் அவனைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே மூக்கு, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"சொல்றேன்" என்றாள்.

நான் கதவுப்பக்கம் திரும்பி அழுதேன். மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது.

டாக்டர் ஃபினாவ் முதலில் தயங்கினார், அப்புறம் ஆர்வமாகிவிட்டார். நெமானி வாராவாரம் பஸ் பிடித்து வந்து இரத்தம் கொடுத்தான், எடை பார்த்தான், ஊசி போட்டுக்கொண்டான். உப்பை விடச் சொன்னால் விட்டான், யங்கோனாவை விடச் சொன்னபோது மட்டும் டாக்டரோடு சண்டை போட்டுவிட்டு விட்டான். "நான் ஆராய்ச்சிடா, என்னைத் தொடாதே" என்று துறைமுகத்து நண்பர்களிடம் அலட்டிக்கொள்வானாம். ஒரு கிறிஸ்துமஸ் பார்த்தான். அடுத்த கிறிஸ்துமஸும் பார்த்தான். ஈஸ்டருக்கு முன்னால் போய்விட்டான்.

சாவு வீட்டில் லோசலினி பின்பக்கம் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தாள். சலோத்தே அவள் பக்கமே வரவில்லை. பெரியப்பா இனோக்கே வந்தார், நின்றார், திரும்பிப் போனார். அடக்கம் முடிந்த மறுநாளே அவள் வேலைக்கு வந்து, கிரிபாட்டித் தீவுகளிலிருந்து வந்திருந்த கேள்வியைத் திறந்தாள். "ஒரு நாளாவது லீவு போடேன்" என்று திட்டினேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஃபினாவ் கட்டுரையை எழுதினார். மேற்கோள்களைச் சரிபார்த்துக் கொடுத்தது லோசலினிதான். ஆனால் நடுவில் நோயாளியைப் பற்றி இருக்கிற பக்கத்தை மட்டும் படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் ஃபினாவ் பிரிஸ்பேனுக்கு வேலை மாறிப் போய்விட்டார், எல்லா டாக்டர்களும் போகிற மாதிரி. அடுத்த வருஷம் கட்டுரை வெளிவந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் தலைப்புத் தெரிந்தது. பக்கத்தில் பூட்டு.

லோசலினி அந்தப் பூட்டை அழுத்திப் பார்த்தாள், திறக்கவில்லை.

"இங்கே செத்தான், இங்கே எழுதினாங்க, இதைப் பாக்க நாம கப்பம் கட்டணுமாம்" என்று நான் கத்தினேன். படிப்பறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஃபியோனாவுக்கு எழுதலாம் என்றேன். ஊருக்கெல்லாம் கேட்டு வாங்கினவள், இதைக் கேட்கக் கை வரவில்லை என்றாள். நான்தான் எழுதினேன். மறுநாள் காலையில் வந்துவிட்டது.

அதற்குள் சேதி எப்படியோ சலோத்தேவுக்கும் எட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் கறுப்பு உடையோடு வந்து தேடல் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். வாங்க என்றேன், தலையை மட்டும் ஆட்டினாள்.

"படிங்க" என்றாள் லோசலினியிடம்.

லோசலினி படித்தாள். அவளுக்கும் அதுதான் முதல் தடவை. துறைமுகத் தொழிலாளி ஒருவர். இன்ன மாதம் இன்ன எடை. இன்ன மருந்து. கடைசியில், உள்ளூரிலேயே கவனித்துக்கொண்டதில் நோயாளி ஒன்றரை வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், பெரும்பாலும் தன் வீட்டிலேயே இருந்தார், இப்படிப்பட்டவர்களை அறுவைக்கு வெளிநாடு அனுப்பாமல் இவ்விதம் பார்த்துக்கொள்வதும் ஏற்கத்தக்கதே என்று முடித்திருந்தார்கள். அந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது.

"அவரு பேரு?"

"போடமாட்டாங்க."

"பாட்டுப் பாடுவாரே, அது?"

"இல்லை, சலோத்தே."

சலோத்தே கைக்குட்டையை மடித்துப் பிரித்தாள். யோசித்து யோசித்துப் பேசினாள்.

"நாளைக்கு இன்னொருத்தி புருஷனுக்கு இதே மாதிரி வரும். டாக்டரு உங்களைத்தான் கேப்பாரு. நீங்க தேடினா இது வருமா?"

"வரும். நம்ம ஊரைப் பத்தினது இது ஒண்ணுதான். முதல்ல இதுதான் வரும்."

"அப்போ அவனையும் அனுப்ப மாட்டாங்க."

லோசலினி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"என் புருஷனைக் காட்டியே அனுப்ப மாட்டாங்க. அவ உங்க முன்னால வந்து உக்காந்து அழுவா. அப்பவும் எடுத்துக் குடுப்பீங்களா, அண்ணி?"

நான் லோசலினியைப் பார்த்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இந்த ஒரு தடவை பொய் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்.

"குடுப்பேன்" என்றாள். "குடுத்துட்டு, அவ வீட்டுப் பக்கமும் தலைகாட்ட முடியாம இருப்பேன்."

சலோத்தே எழுந்து நின்றாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். கட்டுரையை மேஜையிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். "கிழங்கு அவிச்சு வெக்கறேன்னெல்லாம் சொல்லலை. கோவமும் தீரலை. சும்மா வந்து உக்காருங்க."